ரத்தப் பையில் இருந்த ஆங்கிலச் சொல்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதம், கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனை. பகல் பன்னிரண்டே கால். மூட்டுவலிக்கு மாத்திரைகளாக விழுங்கி வயிறு புண்ணாகி, என் மனைவி காலையிலிருந்து மூன்று முறை ரத்தமாக வாந்தி எடுத்திருந்தாள். உதடு வெளுத்துவிட்டது. கூப்பிட்டால் ‘ம்’ என்பாள், அவ்வளவுதான்.

உடனே ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டர் அவசரமாக இன்னொரு நோயாளியிடம் போனார். என் மனைவிக்கு பி பாசிட்டிவ். நர்ஸ் கொண்டுவந்த பையிலோ ஓ பாசிட்டிவ் என்று இருந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில் ஆங்கிலத்தில் ‘கம்பாட்டிபிள்’ என்று ஒரு சொல்.

தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தெட்டு வருடம் பண்டல் எண்ணி லாரி ஏற்றியவன் நான். சீட்டில் ஒன்றும் பண்டலில் ஒன்றுமாக இருந்தால் ஏற்ற விடமாட்டேன். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும்: இரண்டும் ஒரே வகை என்று அர்த்தம். அப்படியானால் சீட்டு பொய், பை மாறிவிட்டது, இது ஏறினால் அவள் செத்துவிடுவாள். டியூபை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தாத்தா, கைய எடுங்க. பாட்டிக்கு பிரஷர் எறங்கிக்கிட்டே வருது.”

“ஓ-ன்னுல்லா போட்டிருக்கு! எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?”

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த அம்மாள், “தாத்தா இங்கிலீசு படிச்சே பாட்டிய அனுப்பி வச்சிருவாரு போலுக்கே” என்றாள்.

கடிகாரப்படி பதினொரு நிமிடம் நான் விடவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். ‘ம்’ வரவில்லை.

நர்ஸ் எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். என் மணிக்கட்டைப் பிடித்தாள். “பி கெடைக்கல தாத்தா. பருத்திக்கு ஊடால உளுந்து போடுதோம்லா, ரெண்டும் ஒண்ணா? ஒண்ண ஒண்ணு கெடுக்காம வளருதுல்லா? கம்பாட்டிபிள்னா அம்புட்டுதான். பாட்டி ரத்தத்தோட கலந்து பாத்துட்டுத்தான் குடுத்திருக்காவ.”

கை தானாக விட்டது.

முதல் கால் மணி நேரம் நர்ஸ் கட்டிலை விட்டு நகரவே இல்லை. நான் சொட்டுகளை எண்ணினேன். ஒவ்வொரு சொட்டுக்கும், இப்போது நடுக்கம் வருமோ, இப்போது மூச்சு நிற்குமோ என்று மனைவியின் முகத்தைப் பார்த்தேன். இரண்டாவது பை பாதி இறங்கியபோது மனைவி கண்ணைத் திறந்து, “எதுக்கு இப்பிடி முழிச்சிக்கிட்டு நிக்கிய?” என்றாள்.

நான் டியூபைப் பிடித்துத் தடுத்ததைப்பற்றி அந்த நர்ஸ் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘எனக்குத் தெரியும்’ என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் பதில் வராத அந்தக் கட்டில்தான் கண்முன் வருகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் சரிதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.