பொட்டு விரியவில்லை

என் வேலை நிரந்தரமாவது ஒரு மாதிரி வகுப்பைப் பொறுத்தது என்றார்கள். எட்டு மாதக் குழந்தையைத் துடியலூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிச் சிங்காநல்லூர்ப் பள்ளிக்குப் போனேன். பால் புட்டியைக் கொதிக்க வைத்தேனா என்ற கவலையும் டிக்கெட் வாங்காமல் கூடவே வந்தது.

பாடம், பிரபஞ்சம் விரிவது. கடைசி பெஞ்சில் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட். பம்பு செட் பவுண்டரி முதலாளி. ஆகவே இயற்பியலை மதிப்பிடத் தகுதியானவர். பலூனில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளிகள் வைத்து, அவைதான் கேலக்ஸிகள் என்று சொல்லி ஊதினேன். புள்ளிகள் அழகாக விலகின. பிளஸ் டூ மாணவி செல்வி எழுந்தாள்.

"மிஸ், புள்ளியும் பெருசாவுதுங்களே. அப்ப நாமளும் பெருசாவறமுங்களா?"

வீட்டிலேயே ஒருமுறை ஊதிப் பார்த்திருக்கலாம். "ஆமா, எல்லாமே விரியும்," என்றேன். கரஸ்பாண்டென்ட் அதை டைரியில் குறித்துக்கொண்டார்.

இடைவேளையில் நூலகப் புத்தகத்தைத் திறந்தேன். ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கும் எதுவும் விரியாது: பூமி, சூரியக் குடும்பம், கேலக்ஸியும்கூட. கேலக்ஸிகளுக்கு நடுவிலுள்ள வெளிதான் விரிகிறது. ஹெச்.எம்.மிடம் ஓடினேன்.

"கம்முனு இருங்க அம்மணி. அவருக்கென்ன தெரியும்? மொதல்ல ஆர்டர்ல கையெழுத்து உழுகட்டும்."

சொன்னபடி கேட்டுப் பழகியவள். ஒரு பீரியட் முழுக்கக் கம்மென்று இருந்தேன். நாற்பது பெண்கள் என் தப்போடு வீட்டுக்குப் போவார்கள் என்பது உறுத்தியது.

மதியம் கரஸ்பாண்டென்ட் கிளம்புமுன் அவரை மறுபடி வகுப்புக்கு அழைத்தேன். கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைப் புதுப் பலூனில் ஒட்டி ஊதினேன். இரண்டு உதிர்ந்தன; அதற்கு அறிவியல் விளக்கம் என்னிடம் இல்லை. மற்றவை விலகின, பெரிதாகவில்லை.

"பொட்டுதான் கேலக்ஸி. ஈர்ப்பு அதைக் கட்டி வெச்சிருக்கு. காலையில நான் சொன்னது தப்பு."

"அப்ப காத்தால நானு எழுதுனதுங்க?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"அடிச்சுப்போடுங்க சார்."

வகுப்பு சிரித்தது. அவர் பேனாவைத் திறந்து நிதானமாக அடித்தார். "தைரியந்தானுங்க உங்களுக்கு."

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. தைரியத்தைப் பாராட்டி என் தகுதிகாண் காலத்தை இன்னும் ஓராண்டு நீட்டித்திருந்தார்கள். அதைக் கட்டி வைக்க எந்த ஈர்ப்பு விசையும் இல்லை போலும்.

புதிதாக வரும் ஆசிரியைகளுக்குச் சொல்வது இதுதான்: தப்பை ஒப்புக்கொண்டால் வேலை போகாது, தள்ளிப்போகும். ஆனாலும் அன்றைக்கே திருத்திவிடுங்கள். மறுநாளென்றால், செல்வி அதைத் தன் தங்கைக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாள்.