எலும்பு தொடர்பான ஒரு விளக்க அறிக்கை

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டு, கல்முனையில் ஒரு துணிக்கடையில் சாரன் விற்கிற ஒருவன் அரசியலையும் ஊடகத்தையும் பற்றி எழுதலாமா? கூடாதுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராததால் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பத்தியைப் பொறுத்துக்கொள்கிற நீங்கள் இந்த வாரமும்...

விஷயம் இறைச்சியில் தொடங்கியது.

என் தங்கையின் மகளுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசியிருக்கிறோம். நல்ல பிள்ளை. மகளுக்கும் பிடித்துப்போயிற்று. போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் விருந்து. நம் வழக்கப்படி சஹனைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம்.

தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சம்மாந்துறையில நெல்லுக்குப் பஞ்சமில்ல. மாட்டுக்குத்தான் பஞ்சம் போல. எலும்பு மட்டும் நடந்து வந்திரிக்கி."

சிரித்தோம். பக்கத்தில் யாரோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மஃரிப் தொழுகைக்கு முன்னரே அது இரண்டு வீட்டாரும் இருக்கிற வட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் வாப்பா போனில் கோல் எடுத்தார். "கலியாணத்தக் கொஞ்சம் பொறுத்துச் செய்வம்" என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம்? வேண்டாம் என்றுதான் அர்த்தம். மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"போய் ஒரு மாப்புக் கேட்டுட்டு வாங்க. மன்னிச்சிக்கங்கண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான்" என்றாள் தங்கை மச்சானிடம்.

"நான் ஏன் கேக்கணும்? நான் சொன்னதத் திரிச்சிப் போட்டிரிக்காங்க."

"வாப்பா, அது முழு வீடியோ. ஒண்டும் வெட்டல்ல" என்றாள் மகள்.

"முழுசாப் போட்டுத்தான் திரிச்சிரிக்காங்க."

பிறகு மச்சான் கழுத்தில் சால்வையைப் போட்டுக்கொண்டார். மகள் பாடசாலையில் வாங்கிய வெற்றிக் கிண்ணங்கள் பின்னால் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, குரூப்பில் போடுவதற்காகப் போனைப் பார்த்துப் பேசினார். "அண்மையில் சமூக வலைத்தளங்களில் பரவிவரும் காணொளி தொடர்பில்..." என்று தொடங்கினார். கடைசி வரை இறைச்சி என்ற சொல் வரவில்லை. சில தீய சக்திகள் வந்தன.

சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா குரல் பதிவு அனுப்பினார். "உரிய நேரத்தில் உரிய பதில் வழங்கப்படும்."

மச்சான் கெட்டவர் இல்லை. மகளுக்கு வீடு கட்ட வெயிலில் நின்று கல் சுமந்தவர். இந்தப் பேச்சை எங்கே படித்தார்? இஷா தொழுகை முடிந்ததும் டிவிக்கு முன்னால் உட்காருவார். இரண்டு தலைவர்களை எதிரும் புதிருமாக இருத்தி, ஒருவர் பேசும்போது மற்றவரையும் பேசவிடுகிற நிகழ்ச்சி. கடைசியில் யார் சத்தம் கூடவோ அவருடைய துண்டுதான் மறுநாள் எல்லாருடைய போனிலும் சுற்றும். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலிகளில் இருந்து ஒருவராவது "நான் சொன்னது பிழை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள்? கேள்வி கேட்கிறவரும் சொல்ல விட்டதில்லை. மன்னிப்புக் கேட்கிற தலைவரை வைத்து அரை மணித்தியாலம் ஓட்ட முடியுமா என்ன?

தலைவர்கள் நமக்குப் பாலம் போட்டார்களோ இல்லையோ, வீட்டில் எப்படிப் பேசுவது என்று கற்றுத் தந்துவிட்டார்கள். எங்கள் வாப்பாமார் ஸலாம் கொடுத்து, கையைப் பிடித்து, மாப்புக் கேட்டு முடித்த காரியத்துக்கு இப்போது இரு தரப்பு அறிக்கை தேவைப்படுகிறது.

திங்கட்கிழமை தங்கை கடைக்கு வந்தாள். "காக்கா, பைக்க எடுங்க" என்றாள். நேரே சம்மாந்துறைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம்.

அவள் குசினிக்குள், அடுப்படியில் நின்ற மாப்பிள்ளையின் உம்மாவிடம் போய்விட்டாள். நான் முன் ஹோலில் மாப்பிள்ளையின் வாப்பாவோடு உட்கார்ந்தேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு அது பழக்கம்தான். அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"மதினி, அவர் கதைச்சது பிழ. நான் மாப்புக் கேக்க வந்தன்."

அடுப்பில் ஏதோ சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. சாப்பிடாமல் இருந்த தங்கை மகளின் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது.

"என்ன பிழ மதினி? எலும்புதானே" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. "இந்தக் கூட்டத்துக்கு இந்த இறைச்சி காணாதெண்டு நானும் சொன்னன். இந்த மனிசன் கேட்டாத்தானே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கட தரப்பில என்ன எண்டா..." என்று எழும்பினார்.

"நீங்க இரிங்க" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. இருந்தார். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

குடிக்கப் பிளேன்டி வருவதற்கிடையில் கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு என்று முடிவாயிற்று. வரும் வழியில் தங்கை மகளுக்குக் கோல் எடுத்து, "சாப்பிடு புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மச்சான் குரூப்பில் ஒரு அறிக்கை போட்டார்: தாம் மேற்கொண்ட தொடர் முயற்சியின் பலனாக இரு தரப்பினரிடையே சுமுகமான தீர்வு எட்டப்பட்டுள்ளதாம். முதல் ஆளாக லைக் போட்டவர் சம்மாந்துறைச் சம்மந்தி.