கடைக் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது

அண்டா, குண்டான் வாடகைக்கு விடும் என் கடையில் இன்று காலையிலிருந்து கம்ப்யூட்டர் மக்கர். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி புது வெர்ஷனுக்கு மாறியதும், மகன் எழுதிக் கொடுத்த புரோகிராம் படுத்துவிட்டது.

சென்னையில் இருப்பவனுக்குப் போன் போட்டேன். இது கெட்டால்தான் எங்களுக்குள் பேச்சே.

“எந்த அண்டா எந்த வீட்டுலன்னு கேட்டா, உன்ன மாதிரியே பதில் சொல்ல மாட்டேங்குதுடா.”

சிரித்தான். அங்கிருந்தே சரிசெய்தான். திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. ஸ்ரீரங்கத்துக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. “சாப்பிட்டீங்களாப்பா?” என்றுகூடக் கேட்டான்.

பிறகு சொன்னான்: “இதுக்குன்னு பழைய வெர்ஷனையே தனியா வெச்சுட்டேன். இனிமே எது மாறினாலும் இது நிக்காதுப்பா. நீங்க என்னைக் கூப்பிடவே வேண்டாம்.”

அம்புக்குறி நின்றுவிட்டது.

நன்றாக ஓடுகிற புரோகிராமைக் கெடுத்துத் தர ஆள் யாராவது இருந்தால் அனுப்புங்கள். காபி என் செலவு.