நான் லேசர் டொக்டர் ஆன கதை

ஒளி ஓர் அணுவை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பதுதான் என் தொழில். இதைக் கல்முனையில் ஒருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிநாடு போய் இத்தனை வருடம் படித்துவிட்டு, கண்ணுக்கே தெரியாத ஒன்று கொஞ்சூண்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் சிரிக்கமாட்டார்களா? "லேசரில் வேலை" என்று மட்டும் சொல்லிவைத்தேன். எங்கள் ஆய்வுகூடத்தில் ஓர் எக்ஸ்-ரே லேசர் இருப்பது உண்மைதான்.

தங்கையின் கல்யாணச் சாப்பாட்டில் நாலு பேர் ஒரே சஹனை, அந்தப் பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "கண்ணுக்கு அடிக்கிற லேசரா மகன்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வாப்பா, "ஓம், அதுதான்" என்றார். மறுத்திருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினேன். அதோடு பெரிய இறைச்சித் துண்டெல்லாம் என் பக்கம் வந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தபோது, சம்மாந்துறையில் இருக்கும் மாமியைப் பார்க்கப் போனேன். வாப்பாவின் தங்கை, நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரி. வாசலில் நின்ற என்னை அவருக்குத் தெரியவில்லை. குரல் கேட்டுத்தான் முகம் மலர்ந்தார்.

"வந்திட்டியா மகன்? உனக்காகத்தான் பாத்துக்கிட்டு இரிக்கன். ஆஸ்பத்திரில உடன லேசர் அடிக்கணும் எண்டாங்க. எங்கிட புள்ள வரக்குள்ள அங்க என்னத்துக்குப் போற எண்டு நாந்தான் போகல்ல."

"எப்ப மாமி சொன்னாங்க?"

"ஆறு மாசம் இரிக்கும்."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். போனில் டோர்ச்சைப் போட்டு மாமியின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தேன். என்னத்தைப் பார்த்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று டொக்டர் மாதிரியே சொன்னேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், இடது கண் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். திரும்பி வரும் ஆட்டோவில், நான் டொக்டரே இல்லை என்பதை மாமியிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அப்ப என்ன வேலதான் செய்யிறாய்?"

சொன்னேன். ஒளி பட்டால் அணுவிலிருந்து ஓர் இலத்திரன், அதாவது எலக்ட்ரான், கழன்று ஓடும். ஒளி கொண்டுவந்த உந்தத்தை அணுவும் இலத்திரனும் பங்குபோட வேண்டும். ஆனால் நாங்கள் பார்க்கும் இடத்தில், சராசரியாக, இலத்திரன் ஒளி கொண்டுவந்ததைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்துவிடுகிறது. கணக்குச் சரிவர, மிஞ்சிய அணு எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

"அப்ப வெளிச்சம் வந்த பக்கத்துக்கே அது திரும்பி வருமா?"

"ஓம் மாமி. கொஞ்சமாத்தான்."

இத்தனை வருடத்தில் ஊரில் என் வேலையைப் பற்றி இப்படிக் கேட்ட முதல் ஆள் மாமிதான். பெருமைப்படக்கூட எனக்கு முகமில்லை.

"புதினமான வேலதான்" என்றார். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"இத அப்பவே சொல்லியிருந்தியெண்டா, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிரிப்பனே மகன்."