எடைக்கடையும் முகக்கடையும்

எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை தூத்துக்குடியில் இரண்டு கடைகள்தான் கடைகள். இரண்டிலும் பழைய சாமான்தான். ஒன்றுக்கு எடைக்கடை என்றும் இன்னொன்றுக்கு முகக்கடை என்றும் அவளே பெயர் வைத்திருந்தாள்.

எடைக்கடை துறைமுகம் போகிற சாலையில் இருந்தது. வெளிநாட்டார் போட்டுக் கழித்த துணிகள் பொதி பொதியாகக் கப்பலில் வந்து இறங்கும். அவிழ்த்துத் தரையில் கொட்டி, கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். பட்டானாலும் பருத்தியானாலும் கிலோவுக்கு ஒரே விலை. அதனால் அம்மா அங்கே லேசான துணியாகத் தேடித் தேடி எடுப்பாள். எங்கள் வீட்டில் ஜீன்ஸ் போட்டவர்கள் கிடையாது. கட்டுப்பாடு எல்லாம் ஒன்றுமில்லை, கனம்தான் காரணம். கடற்காற்றில் பறக்கிற கவுனை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நானும் தங்கையும் மாதா கோயில் பூசைக்குப் போவோம்.

கனமான சாமானுக்கு முகக்கடை. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கப்பல்களில் கழித்துப்போட்ட தட்டு, மெத்தை, பை, கடிகாரம் என்று கூரைவரை அடுக்கியிருக்கும். எதிலும் விலை எழுதியிருக்காது. கடைக்கார அண்ணாச்சி வந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார். ஒரு பொருளின்மேல் நம் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் ஐம்பது ரூபாய் ஏறிவிடும்.

என் தங்கைக்கு நினைப்பதெல்லாம் முகத்தில் தெரிந்துவிடும். ஒருமுறை ஒரு பொம்மையைப் பார்த்து அவள் வாயைப் பிளந்ததில், அம்மா வாங்கப்போன இஸ்திரிப் பெட்டிக்கும் சேர்த்து விலை ஏறிப்போனது. அன்றோடு அவளுக்குக் கடைக்குள் அனுமதி போயிற்று. நாங்கள் உள்ளே இருக்கும்வரை வாசலில் வெயிலில் நின்று எங்கள் செருப்புக்குக் காவல் இருப்பாள். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன். எனக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. அம்மா என் கையை அமுக்கினால் நான் அந்தப் பொருளில் குறை கண்டுபிடிக்க வேண்டும். பத்து வயதில் அதில் நான் கெட்டிக்காரி. புத்தம்புதுப் பொருளைக்கூடக் குப்பையாக்கிவிடுவேன்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற வாரம் அந்தக் கடையில் ஒரு பை தொங்கியது. சிவப்பு நிறம். முதுகில் மாட்டுகிற இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வலை. எனக்கு உள்ளுக்குள் உயிரே போனது. எங்கள் வகுப்பில் எவளிடமும் அப்படி ஒன்று கிடையாது. அம்மா கையை அமுக்கினாள்.

"ஐய, வாரு இத்துப்போயிருக்கும்மா. நாத்தம் வேற. இத எவ தூக்குவா?" என்றேன்.

நானூற்றில் ஆரம்பித்த அண்ணாச்சி நூற்றெண்பதுக்கு வந்து நின்றார். "இந்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு எவன் யாவாரம் பண்ணுவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்ததும் கையை நீட்டினேன். அம்மா அந்தப் பையைத் தங்கை தோளில் மாட்டினாள்.

"ஒனக்குத்தான் போன வருசப் பை நல்லாருக்குல்லா" என்றாள்.

எனக்குத்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாத்தம் என்று சொன்ன அதே வாயால் எப்படிக் கேட்பது? உழைத்தவள் நான், சும்மா நின்றவளுக்குப் பை. வீடுவரை அந்தச் சிவப்பு என் முன்னால் குதித்துக் குதித்துப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வயிற்றெரிச்சலோடு மாதா கோயிலுக்குப் போய், தங்கை பையின் ஜிப் அறுந்துபோக வேண்டும் என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன். அந்த மாதமே அறுந்தது. அம்மா தையற்காரரிடம் கொடுத்து மஞ்சளாய் மின்னுகிற புது ஜிப் வைத்து வாங்கி வந்தாள். பை முன்னைவிட அழகாகிவிட்டது. அதற்குமேல் மாதாவை நான் தொந்தரவு செய்யவில்லை. தங்கையோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

நான் எதற்கு முறைக்கிறேன் என்று எப்படியோ அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை புத்தகங்களை எல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, வெறும் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் என் முன்னால் வந்து நின்றாள்.

"யக்கா, இத நீயே வச்சிக்க. எனக்குப் பழைய பை போதும். ஆனா அடுத்த வாட்டி நான் அம்மாகூட உள்ள போறேன். நீ வெளிய நில்லு. நான் மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கிடுவேன், சத்தியமா."

சொல்லிவிட்டு முகத்தை உம்மென்று வைத்தும் காட்டினாள். கண் மட்டும் என்னையே பார்த்துக் கெஞ்சியது. ஆசை இவ்வளவு தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சும்மாவே கொடுத்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன். பையும் வேண்டும், அம்மாவோடு கடைக்குள் போகிற உத்தியோகமும் வேண்டும். கை தானாகவே பழைய வேலையைப் பார்த்தது. பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இந்தப் பீத்தப் பையா? போளா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

பையை அவள் கையில் திணித்துவிட்டு வாசலைப் பார்த்து மெதுவாக நடந்தேன். அண்ணாச்சியாக இருந்தால் இந்நேரம் பின்னாலிருந்து கூப்பிட்டு விலையைக் குறைத்திருப்பார். இவளும் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். அதன்பிறகு கடைக்குள் போகிற பேச்சை அவள் என்னிடம் எடுக்கவே இல்லை. கடை வாசலில் இன்னும் இரண்டு வருடம் செருப்புக்குக் காவல் நின்றாள்.

தூசியும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த அந்தக் கடைக்குள் போவதற்கு இவ்வளவு நல்ல பையைக் கொடுக்க வந்தாளே, சரியான மக்கு என்றுதான் அன்று நினைத்தேன். உள்ளே பிடித்துக்கொள்ள அம்மாவின் கை இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.