அறுந்த இடத்தில் நெப்போலியன்

சென்னய்யாவுக்கு உட்கார்ந்து படித்தால் ஒரு வரிகூட மண்டையில் ஏறாது. குழித்தறிக்குள் இறங்கி மிதியை மிதித்தால்தான் பாரிஸும் பிஸ்மார்க்கும் வரிசையாக வந்து நிற்பார்கள். மதுரையில் இரண்டு வருஷம் இண்டர்மீடியட் படித்ததில் மற்றதெல்லாம் தேறி, நவீன சரித்திரம் மட்டும் காலை வாரிவிட்டது. அதே வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அருப்புக்கோட்டைக்குத் திரும்பி அப்பாவின் தறிக்குழியில் இறங்கியவன், குறுக்கே ஓடும் நாடாக்கட்டையின் தாளத்துக்கு இங்கிலீஷ் வரிகளை மனப்பாடம் செய்தான். "சென்னய்யா தறி துரை பாஷைலல்ல நெய்யுது!" என்று வீதியே கேலி பேசியது.

தேறினால் எங்கேயாவது ஒரு குமாஸ்தா நாற்காலி. தேறாவிட்டால் ஆயுசுக்கும் இடுப்பளவுக் குழி. அதற்காகத்தான் இந்தப் பாடு.

மறுபடி பரீட்சைக்குப் போனபோது கால் தானாக மிதிக்க ஆரம்பித்துவிட்டது. பெஞ்சு ஆடியது. கண்காணிக்க வந்தவர், "ஏய், காலை அடக்கு!" என்று அதட்டினார். கால் நின்றதும் நெப்போலியனும் நின்றுவிட்டான். அடுத்த வருஷமும் இதே கூத்து. அட, யாரிடம் போய் இதைச் சொல்லி அழுவது!

பிறகு நூல் பஞ்சம் வந்தது. உலகச் சண்டை முடிந்தும் நூல் வந்தபாடில்லை. தறிகள் சும்மா கிடந்தன. "இப்பத்தான் நேரம் கெடக்கே, படிக்க வேண்டியதுதானே" என்றார்கள் வீதிக்காரர்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பதுபோல, வெறுந்தறியை மிதிக்கக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். அதை மீற அவன் மனைவி சௌடம்மாள் விடமாட்டாள். அவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பார்த்துப் பார்த்துச் சலித்த சௌடம்மாள், மூலையில் கிடந்த துண்டு நூல்களையெல்லாம் பொறுக்கினாள். ஒன்றோடொன்று முடிந்து, முழ அகலத்துக்கு நெடுக்கு இழைகளாக நீட்டி, பாவு கட்டித் தறியில் ஏற்றினாள். "இப்ப மிதிங்க" என்றாள்.

மிதித்தால் போதும், இழை பட்டென்று அறும். தாளமும் நிற்கும், பாடமும் நிற்கும். அவள் குனிந்து முடிபோட்டுக்கொண்டே, "பெறகு?" என்பாள். வீட்டில் அவர்கள் பேசுவது கன்னடம். இங்கிலீஷ் அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது.

"ஒனக்கு எதுக்குடி அதெல்லாம்?"

"கைதானே முடிபோடுது? காது சும்மாதானே இருக்கு."

வேறு வழியில்லாமல் கன்னடத்தில் சொன்னான். நெப்போலியனைத் தீவில் விட்டார்கள் என்றான்.

"சோறு யாரு பொங்கிப் போட்டா?"

"அது புத்தகத்துல இல்ல."

"என்ன புத்தகமோ! பெறகு?"

"தப்பிச்சு வந்துட்டான்."

"சபாசு! பெறகு?"

"மறுபடி தோத்தான். இன்னும் தூரத்துத் தீவுல கொண்டுபோயி விட்டாக."

அவள் கை இழையைப் பாதி முடியில் விட்டது. "பாவம், வந்திருக்கவே வேண்டாம்" என்றாள். அத்தனை வருஷம் அந்த வரிகளை ஒப்பித்தவனுக்கு, அது ஒரு மனுஷனுக்கு நடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தத் தடவை பரீட்சையில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தான். நாலு வரி வந்தது, பட்டென்று அறுந்தது. 'பெறகு?' என்று சௌடம்மாள் கேட்ட மாதிரி இருந்தது. விட்ட இடத்திலிருந்து தன் சொந்தத் தட்டுத்தடுமாறும் இங்கிலீஷில் எழுதினான். அறும்போதெல்லாம் அப்படியே.

தேறிவிட்டான். வீதியெல்லாம் மிட்டாய் கொடுத்தாள் சௌடம்மாள்.

அப்புறம் விருதுநகர், மதுரை என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்குத்தான் முதல் வேலை. கடைசி ஆபீஸிலும் கையை விரித்த அன்று, புழுதிக் காலோடு வந்து சுவரில் சாய்ந்தான்.

"என்னாச்சு?"

"சண்டைக்குப் போனவுகளுக்குக் குடுத்துட்டாக."

"பெறகு?"

ஐரோப்பா முழுவதையும் அவளுக்குச் சொன்னவன் காலில் ஒட்டிய புழுதியைத் தட்டினான். "தெரியல சௌடி" என்றான்.

அவள் கம்பங்கூழை நகர்த்தி வைத்தாள். "சரி, குடிங்க. அந்தத் தீவுல போயி எறங்குன அன்னைக்கு அவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

சென்னய்யா சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்து அழுகையாகிவிட்டது. இந்தத் தடவை அவள் 'பெறகு?' என்று கேட்கவில்லை. அழட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.