பழைய வரியை அழித்த பிறகு

அண்ணை வைத்திருந்த கடவுச்சொல் என் மகளின் செல்லப்பெயர்தானா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு அண்ணைதான் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தார். வீட்டாரை எதிர்த்து நான் கலியாணம் செய்த பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கான முப்பத்தொன்று செய்த அன்றும் தாய்மாமனாக வந்து நிற்கவில்லை. பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டார்.

பரீட்சை நெருங்கியபோது, பாடங்களை ஏற்ற முடியாமல் நிலையத்து மாஸ்டர் தளத்தின் கோப்புகள் இருந்த கணினியோடு என்னிடம் வந்தார். அண்ணையின் கணக்கால் மட்டுந்தான் உள்ளே போகலாம். நானும் கணினி படித்தவள்.

தளத்தின் கோப்பில் கடவுச்சொல் சொல்லாக இருக்காது. உருமாற்றிய நீண்ட எழுத்துவரியாக இருக்கும். அதிலிருந்து சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. கட்டளைத் திரையில் புதுச்சொல் கொடுத்து, வருகிற வரியைப் பழையதன் இடத்தில் ஒட்டலாம்.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"மாத்த முதல் பிள்ளையின்ரை செல்லப்பேரை ஒருக்கா அடிச்சுப் பார். அவன் அதைத்தான் வைச்சிருப்பான்."

"முப்பத்தொண்டுக்கே எட்டிப் பாக்காத ஆள், அம்மா."

"கோவம் உன்னிலை. பிள்ளையிலை என்ன கோவம்? கதையாமல் அடி."

அடித்தேன். வந்த வரியைப் பழைய வரியோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். தொடக்கம் ஒன்றாக இருந்தது. பிறகு பிரிந்து போனது.

"இல்லை, அம்மா."

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். நான் புது வரியை ஒட்டிச் சேமித்தேன். பழையதற்குப் பிரதி எதுவும் எடுத்து வைக்கவில்லை.

பிறகொருநாள் வேறொரு ஆசிரியருக்குக் கணக்குத் திறக்கும்போது, மகள் மடியில் அழுத அவசரத்தில், ஒரே சொல்லை இரண்டு தரம் கொடுத்துவிட்டேன். வந்தவை இரண்டு வேறு வரிகள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சில எழுத்துகளைக் கலந்துதான் அது உருமாற்றுகிறது. கண்ணால் ஒப்பிட்டு எதையும் அறிய முடியாது. பழைய வரியை அழிக்க முதல், தளத்தின் நுழைவுப் பக்கத்தில் அந்தப் பெயரை ஒருமுறை அடித்திருந்தாலே தெரிந்திருக்கும். அதுகூடவா எனக்குத் தோன்றவில்லை?

இப்போது மகளைத் தூக்கும்போதெல்லாம் அம்மா சொல்கிறார்: "மாமாவுக்கு உன்னிலையும் கோவம்தானடி, குஞ்சு."

"எனக்குத் தெரியாது அம்மா, நான் பிழையாப் பாத்திட்டன்" என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னொரு முறை மகனைப் பறிகொடுத்தது போலாகுமா? "ஓம், பிள்ளையின்ரை பேர்தான் இருந்தது" என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தால் அம்மாவுக்கு என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.